சுயாதீனப் படங்களில் வீடற்றவர்கள் ஏன் வேறு மாதிரி தெரிகிறார்கள்?

சுயாதீனப் படம் என்றால் பெரிய ஸ்டுடியோவின் பிடி இல்லாமல், பெரும்பாலும் சின்ன பட்ஜெட்டில் எடுப்பது. செட் போடக் காசிருக்காது. கேமரா தெருவிலேயே நிற்கும். வசூல் நெருக்கடியும் குறைவு, அதனால் கடைசியில் ஒரு நாயகன் வந்து வீடு வாங்கித் தர வேண்டியதில்லை.

ராத்திரி மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளாட்பாரத்தில் வரிசையாகப் போர்வைகள், அவ்வளவுதான். இறங்கி ஒரு டீ குடிக்கிற நேரம் நின்று பாருங்கள்: ஒருவர் செருப்பைத் துணியில் சுற்றித் தலைக்கு வைப்பார், திருட்டுப் போய்விடக் கூடாதே என்று. பெரிய படம் அந்த ஜன்னல், சுயாதீனப் படம் இந்த டீக்கடை. (சோக வயலினும் குறைவு. எனக்கு அதுவே நிம்மதி.)

‘நோமேட்லேண்ட்’ (2020) படத்தில் நிஜமாகவே வேனில் வாழ்பவர்கள் சிலர் தாங்களாகவே வருகிறார்கள். அதற்காக அதை ஆவணப்படம் என்று நினைத்துவிடாதீர்கள். நாயகி ஃபெர்ன் கற்பனைப் பாத்திரம்தான், நடித்தவர் பிரான்சஸ் மெக்டார்மண்ட்.