கரண்ட் வேலி கேள்விங்க: பன்னி, கொரங்கு, தேன்பெட்டி

இந்த தடவை மரக்கறித் தோட்டக்காரங்கதான் கூட எழுதியிருக்கீங்க, தேன்பெட்டி வச்சிருக்கிறவங்களும் ரெண்டு மூணு பேர். ஒரே மாதிரி வந்தத ஒண்ணா சேத்துட்டேன்.

வெலிமடை வாசகர்: பெப்ரவரியில போட்ட வேலி, அப்ப நல்லா அடிச்சிச்சு. இப்ப ஓகஸ்ட்ல பன்னி கம்பிய முட்டிக்கிட்டே கிழங்குப் பாத்திக்குள்ள வருது. மெஷின் பழுதா?

கம்பிக்கு கரண்ட் தட்டுற அந்த மெஷின கழட்டாதீங்க, ஏர்த்தப் பாருங்க, அதாவது மெஷின்ல இருந்து வயர் இழுத்து மண்ணுக்குள்ள அடிச்ச இரும்புக் கூர. ஊவா பக்கம் ஜூன்ல இருந்து செப்டெம்பர் மட்டும் மண்ணு காஞ்சு கெடக்கும். கம்பியில இருந்து பன்னி உடம்புக்குள்ள போயி, மண்ணு வழியா ஏர்த் கூருக்கு வந்து, மெஷினுக்குத் திரும்பினாத்தான் ஷொக்கு, காஞ்ச மண்ணுல அந்தப் பாதை அறுந்து போகுது. ஒரே ஒரு கூரு அடிச்சிருப்பீங்க, முக்காவாசிப் பேரு அப்படித்தான். 6 அடி ஜி.ஐ. (நாகம் பூசின இரும்பு) கூரு மூணு, பத்தடிக்கு ஒண்ணா, பீலித் தண்ணி வடியிற ஈர எடமா பாத்து அடிங்க. வீட்டு கரண்டோட ஏர்த்துக்கு ஒரு 30 அடி தள்ளியே இருக்கணும். அப்புறம் பன்னிக்கு கீழ்க்கம்பி தரையில இருந்து 8 இஞ்சி, அடுத்தது 18 இஞ்சி. மூக்கு படணும், முதுகுல பட்டா அந்த மயிருக்கு ஒண்ணும் ஆகாது.

"என் வேலி வேலை செய்யல, என்ன காரணம்?"

எத்தன அடி வேலி, எந்த மிருகம், டெஸ்டர்ல எவ்வளவு வோல்ட் காட்டுது, எதுவுமே எழுதல, நான் எத வச்சு சொல்றது? முதல்ல ஒரு டெஸ்டர் வாங்கி வேலியோட கடைசி மூலையில வச்சுப் பாருங்க. 4000 வோல்ட்டுக்கு கீழ இருந்தா புல்லு கம்பியில படுதா, கம்பியத் தூணுல பிடிக்கிற இன்சுலேட்டர் வெடிச்சிருக்கான்னு நடந்து பாருங்க. எல்லாம் சரியா இருந்தா ஏர்த்தப் பாருங்க. பாத்துட்டு நம்பரோட எழுதுங்க.

பண்டாரவளை வாசகி: யூக்கலிப்டஸ் பூக்கிற நேரத்துக்கு ஆறு தேன்பெட்டி வச்சிருக்கேன். கரடி வராம வேலி போடணுமா? தேனீக்கு ஷொக்கு அடிக்குமா?

பறக்கிற தேனீக்கு அடிக்காது, அதுக்கு மண்ணோட தொடர்பே இல்லயே. கரடி நம்ம மலையில கெடையாது, அது வில்பத்து, யால மாதிரி வறண்ட காட்டுல இருக்கிறது. ஒங்க பெட்டிய பன்னி இடிச்சுத் தள்ளலாம், கொரங்கு மூடியக் கழட்டலாம், அதுக்கு வேணும்னா போடுங்க, ஆனா பெட்டியில இருந்து நாலடியாவது தள்ளிப் போடுங்க, ஒங்களுக்கு பின்னால நின்னு சட்டம் தூக்க எடம் வேணும், தெறக்க முந்தி மெஷின நிப்பாட்டணும். எறும்பு, குளவி, மெழுகுப்பூச்சி இதுங்களுக்கு வேலியால ஒரு பிரயோசனமும் இல்ல. எறும்புக்கு ஸ்டேண்டு காலு நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வைங்க, அந்தக் காசுக்கு அதுதான் பெரிய காவல்.

ஹட்டன் பக்கத்துல இருந்து: மெஷின் வாங்க வசதியில்ல. வீட்டு லைன்ல இருந்து வயர் இழுத்து, நடுவுல ஒரு பல்ப் போட்டு கம்பிக்கு குடுத்தா ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க, சரியா?

சரியில்ல. ஆளு சாகும். இத நான் எத்தன தடவ எழுதியும் திரும்பத் திரும்ப இந்தக் கேள்வி வருது, அதனால கணக்கோட சொல்றேன். 230 வோல்ட்ல 60 வொட் பல்ப் வழியா கால் அம்பியர் போகும், அதாவது 250 மில்லி அம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர்ல விழுற மாதிரி செஞ்சிருக்கிறதே அதுக்கு மேல உயிருக்கு ஆபத்துங்கிறதாலதான். பல்ப் இருந்தாலும் அந்த 30ப் போல பல மடங்கு ஒடம்புக்குள்ள போகலாம். வேலி மெஷின்ல 7000, 8000 வோல்ட் இருந்தும் ஏன் சாகுறதில்லன்னா, அது செக்கனுக்கு ஒரு தடவ, ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்கூட இல்லாத ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடும், அந்த இடைவெளியில கையெடுத்துடலாம். லைன் கரண்டு விடாது, தசை இறுகி கை கம்பியோடயே ஒட்டிக்கும்.

விடியக்காத்தால பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்கிற எடம்) போற அக்காமாரு குறுக்குப் பாதையில உங்க பாத்தி ஓரமாத்தான் போறாங்க, பனியில கம்பி தெரியாது, காலெல்லாம் ஈரம். எங்க தோட்டத்து டிவிசன்ல இப்படி இழுத்த வயர்ல ஒரு நாய் செத்துக் கெடந்தத நான் பாத்தேன், அதுக்கு கொஞ்சம் முந்திதான் ஒரு பிள்ள அந்த வழியா ஸ்கூலுக்கு போயிருக்கு, அன்னிக்கு எனக்கு வந்த நடுக்கம் இன்னும் போகல. இது சட்டப்படி குத்தமும்கூட. பன்னிக்கு கட்டுற சுருக்குக் கம்பியும் இதே கதைதான், 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் சுருக்குல மாட்டின கருஞ்சிறுத்தைய காப்பாத்த முடியல. வசதியில்லன்னா நாலு வீட்டுக்காரங்க சேந்து ஒரு மெஷின் வாங்குங்க, பக்கத்துப் பக்கத்து பாத்தின்னா ஒண்ணே போதும். அதுவும் முடியாட்டி பாத்தியச் சுத்தி தகரம் அடிங்க. லைன் கரண்ட் மட்டும் வேணாம், தயவு செஞ்சு.

கொரங்குக்கு வேலி எடுபடுமா?

பாதி எடுபடும். மரத்துல இருந்து பாஞ்சு கம்பியில தொங்கினா மண்ணத் தொடாது, ஷொக்கும் இல்ல. அதனால ஒரு கம்பி கரண்டு, அடுத்தது ஏர்த்துன்னு மாத்தி மாத்தி கட்டணும், ரெண்டையும் பிடிச்சாத்தான் அடிக்கும். வேலிக்கு மேல தொங்குற கொப்பையெல்லாம் வெட்டணும். அது முடியாதுன்னா காச வீணாக்காதீங்க.

பழைய முள்ளுக்கம்பிக்கே கரண்ட் குடுக்கலாமா?

கூடாது. முள்ளுல மாட்டினது விலக முடியாம திரும்பத் திரும்ப அடி வாங்கும், ஆளானாலும் சரி மாடானாலும் சரி.

நுவரெலியா வாசகர்: மூடுபனியில சோலார் ஏறமாட்டேங்குது, மூணாம் நாள் ராத்திரி மெஷின் நின்னுடுது.

பெனல் சின்னது. இப்ப இருக்கிறதப் போல ரெண்டு மடங்கு போடுங்க, வெயிலே இல்லாம நாலு நாள் தாங்குற பெட்டரியா பாருங்க. மரநெழல்ல வைக்காதீங்க, பாசி பிடிச்சா தொடைங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் இடி முழங்க ஆரம்பிச்சா மெஷின்ல இருந்து வேலி வயரையும் ஏர்த் வயரையும் ரெண்டையுமே கழட்டிடுங்க, இடி நின்னப்புறம் மறக்காம மாட்டுங்க, செத்த கம்பின்னு பன்னி ஒரு ராத்திரியில கண்டுபிடிச்சிடும்.