மாத்திரை தொடங்கிய பிறகு கதை வரவில்லை: நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நீங்கள் போடும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், சுரீரென்று ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அந்த நிலையில் எங்கே கதை எழுதுவது?

“பதற்றம் போய்விட்டது, அழுகையும் வரவில்லை, கதையும் வரவில்லை” என்கிறீர்கள். இந்த வகை மாத்திரைகளில் சிலருக்கு உணர்ச்சி மழுங்குவது தெரிந்த பக்கவிளைவுதான். டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ டாக்டர் சரிசெய்யப் பார்ப்பார். ஆனால் மனச்சோர்வு பாதிதான் குணமாகியிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

எது என்று பார்க்க, லேப்டாப்பில் பழைய கதைக் கோப்புகளின் தேதியைப் பாருங்கள். மாத்திரைக்கு முன்பே எழுத்து நின்றிருந்தால் பழியை மாத்திரை மேல் போட முடியாது. பிறகுதான் நின்றது என்றால், பிடித்த பாட்டு, சாப்பாடு, நண்பர்கள் பேச்சு எல்லாமே சப்பென்று இருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். “எழுத வரவில்லை” என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அப்புறம், பெங்களூரில் வைட்ஃபீல்டிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து இரவு 11 மணிக்கு உட்கார்ந்தால், மாத்திரையே போடாதவருக்கும் ஒரு வரி வராது. ஞாயிறு காலையில் முயன்று பாருங்கள்.

ஒன்று மட்டும்: செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு.