ஸ்டிக்கர் ஏன் போகவில்லை?

கேள்வி: சோதனைக்கு வைத்த டெலிகிராம் பாட் (நிரல் இயக்கும் கணக்கு) வழியாக எங்கள் ஏஐ ஏஜென்ட் ஸ்டிக்கர்களை ஒழுங்காக அனுப்பியது. நிஜ பாட் கணக்குக்கு மாற்றியதும் எர்ரர். ஏன்?

பதில்: ஸ்டிக்கரை அனுப்ப டெலிகிராம் தரும் அடையாளக் குறிதான் ஃபைல் ஐடி. ஒரு பாட் பெற்ற ஃபைல் ஐடி இன்னொரு பாட் கையில் செல்லாது. நிஜ பாட்டின் டோக்கனை (அதன் ரகசியச் சாவி) போட்டு 'கெட்ஸ்டிக்கர்செட்' கட்டளையை ஓடவிடுங்கள். அது கேட்கும் தொகுப்புப் பெயர், பகிர்வு இணைப்பின் கடைசித் துண்டு. வரும் பதிலில் ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஃபைல் ஐடி, பெரும்பாலும் எமோஜியும் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் 'யூனிக் ஐடி'யை எடுத்துவிடாதீர்கள், அதை வைத்து அனுப்பவே முடியாது.

ஏஜென்டிடம் அந்த நீள ஐடியைக் கொடுக்க வேண்டாம். ஓர் எழுத்தை மாற்றி எழுதினாலும் போச்சு. "நன்றி", "வருத்தம்" என்று சில பெயர்களை மட்டும் காட்டுங்கள். பெயரை ஐடியாக மாற்றுவது உங்கள் நிரல் பார்க்கட்டும்.

சொந்தப் படத்தைத் தொகுப்பில் சேர்ப்பதென்றால் வெப்பி அல்லது பிஎன்ஜி வடிவம். ஒரு பக்கம் சரியாக 512 பிக்சல், மறுபக்கம் அதற்கு மிகாமல். புகார் சொல்பவருக்கு மட்டும் ஸ்டிக்கரே வேண்டாம், சாமி!