வெள்ளிச் சாயத்தில் செல்லுக்குச் செல் புள்ளி மாறுகிறதே, எதை நம்புவது?

கேள்வி: சிப்பியின் குரோமோசோமில் ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் பொறி) ஆர்.என்.ஏ. மரபணு எங்கே இருக்கிறது என்று சில்வர் நைட்ரேட் போட்டுப் பார்க்கிறேன். ஒரு செல்லில் இரண்டு புள்ளி, பக்கத்துச் செல்லில் நான்கு. எங்கே தப்பு செய்கிறேன்?

பெரும்பாலும் நீங்கள் தப்பு செய்யவில்லை. எம்.ஃபில். படித்தபோது நானும் இதே குழப்பத்தில் பல மாதம் கிடந்தேன்.

கல்லூரி நாகர்கோவிலில், வீடு குளச்சல் பக்கம். கடல் மீன் கரைக்கு வரும்போதே செத்திருக்கும். குரோமோசோம் பார்க்கப் பிரிந்துகொண்டிருக்கும் உயிருள்ள செல் வேண்டும். சிப்பி சாக்கில் கட்டி வந்தாலும் உயிரோடு வரும், அதனால் சிப்பி. வளர்கிற சிப்பியின் செவுளில்தான் செல்கள் நிறையப் பிரியும் என்பதால், விற்கிற பாட்டியிடம் சின்னதாகப் பொறுக்கித் தரச் சொல்வேன். "பொடி கறிக்கு ஆகாதே மக்களே, தோடுதான் மிஞ்சும்" என்பார். நான் விளக்கப் போனதில்லை.

கால்ச்சிசின் கலந்த கடல்நீரில் ஊறப்போடுவது (செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும், நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு), செவுளை வெட்டி நிலைப்படுத்துவது, சிலைடில் சொட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. ஃபார்மிக் அமிலம் சேர்த்த ஜெலட்டின் கரைசல் இரண்டு சொட்டு, 50 சதவீத சில்வர் நைட்ரேட் நான்கு சொட்டு, மேலே கவர் கிளாஸ், 70 டிகிரி சூட்டில் ஹாட் பிளேட். அரை நிமிடத்தில் மஞ்சளாகும், இரண்டு நிமிடத்துக்குள் பொன்பழுப்பு. அங்கே எடுத்துவிட வேண்டும். நான் அதுவரை சரியாகச் செய்துவிட்டு, சிலைடுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் இருக்கும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து துகளாகப் படியும், வெளிச்சம் பட்டால் கறுக்கும். போதாததற்குக் கடல் உப்பு வேறு. முதல் பத்துப் பதினைந்து சிலைடில் நான் எண்ணியதில் பாதி உப்பு. காய்ச்சி வடித்த நீருக்கு மாறிய பிறகு துகள் போய்விட்டது. விரல் நுனி மட்டும் வாரக்கணக்கில் கறுப்பாகவே இருந்தது.

சரி, சிலைடு சுத்தமாகிவிட்டது. எண்ணிக்கை அப்போதும் மாறியது. வெள்ளி மரபணுவில் ஒட்டுவதே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். செல் பிரிவதற்கு முன்பு வேலை செய்துகொண்டிருந்த மரபணுக் கூட்டத்தின் மேல் தங்கிவிடும் புரதங்கள்தான் வெள்ளியைப் பிடிக்கின்றன. சும்மா இருந்த கூட்டம் அங்கேயே இருந்தாலும் சாயத்தில் தெரியாது. மனிதனில் இந்த மரபணுக்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து ஜோடிகளில், மொத்தம் 10 குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் வரிசை வரிசையாக இருக்கின்றன. வெள்ளி போட்டால் பத்தும் தெரிவது அபூர்வம். ஐரோப்பாவின் மிட்டிலஸ் சிப்பியிலும் இரண்டு ஜோடியில் மரபணு இருக்க, வெள்ளிப் புள்ளி செல்லுக்குச் செல் மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒரே நியூக்ளியோலஸை (இந்த மரபணுக்கள் வேலை செய்யும் இடத்தில் உட்கருவுக்குள் உருவாகும் உருண்டை) உண்டாக்கிய இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டி நின்றால் இரண்டு புள்ளி ஒன்றாகவும் தெரியும்.

இது புரியாமல் ஆய்வேட்டில் "இத்தனை இடத்தில் உள்ளது" என்று எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "புள்ளி இல்லாத குரோமோசோமில் மரபணு இல்லை என்று உனக்கு யார் சொன்னது?" என்னிடம் பதில் இல்லை. "உள்ளது" என்பதை "செயலில் இருந்தது" என்று திருத்தித்தான் ஒப்படைத்தேன்.

மரபணுவையே பார்க்க ஃபிஷ் (FISH, மீன் அல்ல, ஒளிரும் டி.என்.ஏ. துண்டை ஒட்டிப் பார்ப்பது) முறைதான் வழி. சிலைடில் உள்ள டி.என்.ஏ.வின் இழைகளைச் சூட்டில் பிரித்து, ஒளிரும் சாயம் கட்டிய 18எஸ் (நாம் தேடும் மரபணுவின் ஒரு பகுதி) துண்டை ஒரு ராத்திரி 37 டிகிரியில் ஒட்டவிடுவது. வேலை செய்ததோ தூங்கியதோ, மரபணு இருந்தால் ஒளிரும். 1969-இல் கேல், பார்டியூ என்ற இரு விஞ்ஞானிகள் தவளை செல்லில் இதே மரபணுவைத்தான் கதிரியக்கத் துண்டு வைத்துக் காட்டினார்கள். 18எஸ் வரிசை விலங்குகளில் அதிகம் மாறாதது என்பதால் வேறொரு விலங்கின் துண்டே உங்கள் சிப்பிக்கும் ஒட்டும். செலவில் அது பெரிய ஆறுதல். 5எஸ் என்ற இன்னொரு ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு மட்டும் தனிக்கணக்கு, அதற்குத் தனித் துண்டு வேண்டும். மனிதனில்கூட அது இந்தப் பத்தில் இல்லை, முதல் குரோமோசோமில் இருக்கிறது.

அதற்காக வெள்ளியைத் தூக்கிப் போடாதீர்கள். எது வேலை செய்தது என்று அதுதான் சொல்லும், ஃபிஷ் சொல்லாது. சராசரி மட்டும் போடாமல், இரண்டு புள்ளி எத்தனை செல்லில், மூன்று எத்தனையில் என்று சிப்பி வாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே சிலைடில் வெள்ளியும் ஃபிஷ்ஷும் அடுத்தடுத்துச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அப்படிச் செய்வதானால் நல்ல செல் கிடைத்த உடனே மைக்ராஸ்கோப் மேடையின் அளவுகோல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் தேநீர் குடிக்கப் போய்வந்து, குரோமோசோம்கள் ஒன்றோடொன்று படாமல் பரவியிருந்த ஒரு செல்லை அன்று மாலை முழுக்கத் தேடினேன். கிடைக்கவே இல்லை.