பைத்தன் 3.13க்கு இப்ப மாறலாமோ?

வணக்கம். கிளிநொச்சியில உங்கட சங்கத்தின்ர நெல் கொள்வனவு இணையத்தளத்தைப் பைத்தன் நிரல்மொழியின்ர 3.13 பதிப்பில ஏத்த, செட்அப்டூல்ஸ் எண்ட பொதி நிறுவுற கருவியைப் போட்டும் 'சிஜிஐ மொடியூல் இல்லை' எண்டு விழுகுது எண்டீங்கள்.

பைத்தனில பிழையில்லை. சிஜிஐ எண்டது வலைப் படிவத் தகவலை வாசிக்கிற பழைய பகுதி, 3.13இல அதைத் தூக்கிட்டினம். உங்கட தளத்தைக் கட்டின ஜாங்கோ 3.2 (பைத்தனில வலைத்தளம் கட்டுற சட்டகம்) இன்னும் அதைத் தேடுது. 3.2க்கான ஆதரவும் 2024 ஏப்ரலோட முடிஞ்சுது. தூக்கின சிஜிஐயைத் திருப்பித் தாற லெகசி-சிஜிஐ பொதியைப் போட்டு ஒட்டலாம்தான், நானெண்டா செய்யமாட்டன்.

திரும்பப் பைத்தன் 3.10க்குப் போங்கோ. ஜாங்கோ 3.2, 4.2, 5.2 மூண்டும் அதில ஓடும். முதல் 4.2, பிறகு 5.2, ஒவ்வொரு படியிலயும் விவசாயி பதிவு, பற்றுச்சீட்டு, படம் ஏத்துறது எல்லாத்தையும் சோதியுங்கோ. கடைசியாத்தான் 3.13. ஜாங்கோ 5.2க்கு அது பிரச்சினையே இல்லை.

காலபோக அறுவடை தொடங்கி லொறியள் வரிசையில நிக்கேக்க மட்டும் கைவைக்காதேங்கோ. தளம் பாவிக்கிற பொதியளின்ர பட்டியல் இருக்கிற ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை இதில போட்டுவிடுங்கோ, மற்றப் பொதியளையும் பாப்பம்.