தலையில் நீர் கோத்த குழந்தை: ஷன்ட்டா, எண்டோஸ்கோப்பியா?

தொண்டித் தம்பிக்கு,

அக்காவின் இரண்டு மாதக் குழந்தைக்குத் தலையில் நீர் கோத்திருக்கிறது, மதுரையில் ஷன்ட் (மூளைநீரை வயிற்றுக்குள் வடித்துவிடும் குழாய்) வைக்கச் சொல்கிறார்கள், அதைவிட எண்டோஸ்கோப்பி (கேமரா உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் செய்யும் அறுவை) நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் என்று சொந்தக்காரர்கள் பேசுவது அக்கா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே மூளைநீர் ஓடும் குறுகிய வழி அடைபட்டிருப்பது, கர்ப்பகாலக் கிருமித்தொற்று, முதுகுத்தண்டு சரியாக மூடாதது, சில ஆண் குழந்தைகளுக்கு எல்1கேம் மரபணு மாற்றம், இவை போன்றவைதான் மருத்துவம் கண்ட காரணங்கள். அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை.

எண்டோஸ்கோப்பியில் மூளைக்குள் நீர் நிற்கும் அறையின் அடியில் துளை போட்டு, நீர் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் முறையை உகாண்டாவில் வளர்த்தவர் மூளை அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப். தொற்றால் நீர் கோத்த கைக்குழந்தைகளிடம் அங்கே நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஷன்ட் வைத்த குழந்தைகளுக்கும் எண்டோஸ்கோப்பி செய்த குழந்தைகளுக்கும் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காரணத்தையும் வயதையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இத்தனை சின்னக் குழந்தைக்கு ஷன்ட் சொன்னதில் தவறில்லை. எண்டோஸ்கோப்பி ஏன் வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், ஷன்ட் குழாய் அடைபடலாம், சீழும் பிடிக்கலாம். உச்சிக்குழி புடைத்தால், விடாமல் வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே கிளம்புங்கள்.