இன்னொரு அமைச்சகமா?

கேள்வி: நீர்ப்பாசனம், வேளாண்மை, சுகாதாரம் என்று ஒவ்வொரு துறையும் தன் போக்கில் போகிறது. 2030-க்குள் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளை எட்ட, எல்லாத் துறைகளையும் கட்டி மேய்க்கத் தனி அமைச்சகம் அமைத்தால் என்ன?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: அமைக்கலாம். கட்டடம், கார், டவாலி எல்லாம் வந்துவிடும். அப்புறம் அந்த அமைச்சகத்தை மற்றவற்றோடு ஒருங்கிணைக்க ஒரு குழு போடவேண்டியிருக்கும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பிளாச்சிமடை இருக்கிறது. 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தபோது தொழில் துறைக்கு அது முதலீடு, பெருமாட்டி பஞ்சாயத்துக்கு வருமானம். சுற்றுவட்டாரக் கிணறுகள் என்னாகும் என்பது யார் ஃபைலிலும் ஏறாத கேள்வி. கொஞ்ச காலத்தில் அந்தத் தண்ணீரில் பொங்கிய சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. உரம் என்று விவசாயிகளுக்குத் தந்த ஆலைக் கசடில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருந்தது 2003-ல் அம்பலமானது. 2004-ல் ஆலை நின்றது. பயிர், தண்ணீர், உடல்நலம், போன கூலி எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிப் பார்த்தது 2010-ல் அறிக்கை தந்த, கேரள அரசின் உயர்நிலைக் குழுதான். இழப்பு 216 கோடி ரூபாய்! அதிகாரிகளுக்குச் சேர்ந்து உட்காரத் தெரியாமல் இல்லை. பத்து வருடம் பிந்தி உட்கார்ந்தார்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைக்கவில்லை.

நிதி ஆயோக்கின் நிலைத்த வளர்ச்சி இலக்குப் பட்டியலில் (2023-24) உத்தராகண்டோடு கேரளத்துக்கும் முதலிடம் என்பீர்கள். அது மாநிலச் சராசரி. உங்கள் கிணறு அதில் வராது.

புதிதாக எதுவும் வேண்டாம். மாவட்டத் திட்டக் குழு பாலக்காட்டிலும் இருக்கிறது. தண்ணீர்ப் பங்கீட்டையும் சுற்றுச்சூழலையும் கணக்கில் எடுத்தே அது திட்டம் போடவேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243இசட்.டி. (243ZD) பிரிவு. பெருமளவு தண்ணீர் உறிஞ்சும் எந்தத் திட்டமும் உரிமத்துக்கு முன்பே அங்கே வரட்டும். நிலத்தடி நீர்த் துறையும் வேளாண் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே தாளில் கையெழுத்திடட்டும். மறுப்பவர் காரணத்தை எழுதட்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில், மணக்கடவில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று 1970-ல் தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலங்களே எழுதிக்கொண்டன (ஒழுங்காக வருகிறதா என்பது வேறு சண்டை). ஒரே சிவில் ஸ்டேஷனில் (கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில்) மாடிக்கு மாடி இருப்பவர்களுக்கு முடியாதா?

அடுத்த கிராம சபையில், உங்கள் பஞ்சாயத்தில் காத்திருக்கும் ஆலை விண்ணப்பங்களை எந்தெந்தத் துறை பார்த்தது என்று கேளுங்கள். பதிலை மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். மலையாளத்தில் எழுதினால் தமிழிலும் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.